ரொட்டிக்காரரின் உள்ளங்கை

ரொட்டிக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்மேல்தான் நம்பிக்கை, அது அவரேதான். அடுப்புக்குள் கையை நீட்டியே சூடு சொல்லிப் பழகியவர். அந்தப் பழக்கத்தில் உள்ளங்கை காய்த்துப்போய்ச் செருப்புத் தோலாகிவிட்டதை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

மகள் சின்னவளாக இருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜுரமெல்லாம் ஒண்ணுமில்ல, தூங்கட்டும்" என்றார். மனைவி கெஞ்சியும் டாக்டரிடம் போக விடவில்லை. அந்த ஜுரம் போகும்போது பிள்ளையின் இடது காதையும் எடுத்துக்கொண்டு போனது.

இன்று தன் ஆட்டோமேட்டிக் காருக்குத் தானே கியர் ஆயில் மாற்றினார். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, இன்ஜின் ஓட ஓட, ஆயில் தொட்டியின் அடித்திருகைக் கழற்றி அளவு பார்க்க வேண்டும். மகள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, காரில் மாட்டிய கருவியில் ஆயிலின் சூட்டைப் படித்துச் சொன்னாள்.

"தொண்ணூறு டிகிரிப்பா. நிறுத்திட்டு ஆற விடலாம்."

"மிஷினுக்கு என்ன தெரியும்?" காரின் இடப்பக்கமாக அடியில் புகுந்தவர் ஆயில் தொட்டியைத் தொட்டார். "வெதுவெதுன்னுதான் இருக்கு."

திருகு கழன்றதும் கொதிக்கிற ஆயில் முழங்கையில் கொட்டியது. "நிறுத்து! வண்டிய நிறுத்து!" என்று அலறினார். கருவியிலேயே கண்ணாக இருந்த மகள் திரும்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலிலிருந்து ஓடிவந்த மனைவிதான் சாவியைத் திருப்பினாள். வாளித் தண்ணீரை அவர் கையில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பக்கத்துலேர்ந்து எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேக்காது. அதுவும் உங்க கை பாத்த வைத்தியம்தான்."