கடலைச் சுட்டவர்

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் சண்டை போடப் பார்த்தேன். இந்த வயதில்!

விஷயம் சின்னதுதான். இங்கிலீஷ் ஆக்‌ஷன் படம், தமிழ் டப்பிங். ஹீரோ பெயரைச் சொல்லமாட்டேன். கட்டுமஸ்தான உடம்பு, கையில் துப்பாக்கி, உதட்டில் அரைச் சிரிப்பு... இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். மனிதருக்கு வயதாகிவிட்டது. மதிலில் ஏறியது அவர், குதித்தது வேறு ஆள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு குரல்:

"தாத்தாவுக்கு இதெல்லாம் தேவையாலே? வீட்டுல கெடந்து கஞ்சி குடிக்கப்பிடாதா?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ... எழுந்து திரும்பிவிட்டேன். என் மனைவி ஜெசிந்தா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். உட்காரவைத்துவிட்டு, அவளே திரும்பி அந்தப் பையனை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்... பையன் இடைவேளைக்குப் பிறகு சீட் மாறிவிட்டான்.

அந்த நடிகர் எங்களுக்கு மாமனா, மச்சானா? ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவரை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. ஏன் என்று கேளுங்கள்.

ஜெசிந்தா கடற்கரைக்காரி. மணவாளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு மீனவ ஊர். நான் வயல்காட்டுப் பக்கத்து ஆள். கடலில் கால் நனைப்பதோடு சரி. அவளுடைய அண்ணன் ததேயுஸ் நல்ல கடல்காரர். வாய் ஓயாது. என்னை எங்கே கண்டாலும், "மச்சான், ஒரு நாளு வள்ளத்துல ஏறும். வாந்தி எடுக்காம திரும்பி வந்தா ஒமக்கு ஆம்பளைன்னு சர்ட்டிபிகேட் தாறேன்" என்பார்.

அந்த மனிதரின் வாயைச் சுனாமி அடைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் அவருடைய மனைவி ஸ்டெல்லாவையும் மகள் அனுவையும் கடல் கொண்டுபோனது. அவர் அழவில்லை. யாரையும் திட்டவில்லை. அடக்கம் முடிந்ததும் வீட்டுக்குப் பின்புறம் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவ்வளவுதான். மாதக்கணக்கில் அதே கல், அதே முதுகு. ஸ்டெல்லா பெயரோ அனு பெயரோ அவர் வாயில் வரவே இல்லை.

நிவாரணமாக ஒரு புது ஃபைபர் வள்ளம் கொடுத்தார்கள். அது மணலில் கவிழ்த்துப் போட்டது போட்டபடியே கிடந்தது. பெயர்கூட எழுதவில்லை. கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள் எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்? ஊர் மாதா கோவில் திருவிழா முடிவதற்குள் ததேயுஸ் வள்ளம் இறக்காவிட்டால், கொல்லத்துக்கு வேறு வள்ளத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் அவர்களும் போய்விட்டால் அண்ணன் அந்தக் கல்லைவிட்டு எழும்பவே மாட்டான் என்று ஜெசிந்தா பயந்தாள். அந்தத் திருவிழா முழுவதும் அவளுக்கு ஒரே வேண்டுதல்தான்.

திருவிழாவில் ஒரு நாள் மாலை, கோவில் முற்றத்தில் திரை கட்டிப் படம் போடுவார்கள். புனிதர்களின் வாழ்க்கை வரலாறு. டி.வி.டி. வாங்கிவரும் பொறுப்பைக் கமிட்டியில் ஆன்றனி என்பவர் ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவசரம். கடையில் ஒரு கவரைப் பார்த்தார். பின்னால் பெரிய தேவாலயம், கருப்பு அங்கியில் ரெண்டு சாமியார்கள், நடுவில் நரைத்த தாடியும் நெஞ்சில் சிலுவையுமாக ஒரு பெரியவர், முகத்தில் அவ்வளவு கவலை. புனிதரேதான்! வாங்கிவிட்டார்.

நம் ஹீரோ அந்தப் படத்துக்குத்தான் முதல் முறையாகத் தாடி வைத்திருந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"புனிதர் படந்தானேண்ணா... செத்த நேரம் வந்து இரி" என்று கெஞ்சி, ஜெசிந்தா அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஜெபமாலை முடிந்தது, ஆசீர் முடிந்தது. முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பங்குத்தந்தை. மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது.

முதல் ஐந்து நிமிடத்தில் புனிதர் நாலு பேரைச் சுட்டுக் கொன்றார்.

ஃபாதர் மெதுவாகத் திரும்பி ஆன்றனியைப் பார்த்தார். ஆன்றனி, "முன்னால இவரு மோசமாத்தான் இருந்தாராம் ஃபாதர், பெறவுதான் மனந்திரும்புவாரு" என்று சமாளித்தார். புனிதர்களில் அப்படியும் உண்டு என்பதால் ஃபாதரும் பொறுத்துக்கொண்டார். பையன்களுக்கு அந்த அரைச் சிரிப்பைக் கண்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரே விசில்!

கதை இதுதான். உலகம் அழியப்போகிறது. சாத்தான் வருகிறான். தடுக்க ஆள் இல்லை. ரிட்டயர்டு ஆகி, முட்டி வலியோடு வீட்டில் கிடக்கும் நம் ஹீரோவைக் கூப்பிடுகிறார்கள். ஓடினால் மூச்சு வாங்குகிறது, படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்... சாத்தான் எந்த வழியாக வருகிறான் என்று தெரியும்வரை.

கடல் வழியாக.

திரையில் கடல் எழுந்தது. கட்டடங்களுக்கு மேலே கறுப்பாக, சுவர் மாதிரி. ஒரு பெண் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பின்னால் சிலர் எழுந்தேவிட்டார்கள். "நிப்பாட்டுடே! நிப்பாட்டு!" என்று ஃபாதர் கத்தினார். ஆன்றனி புரொஜெக்டரை நோக்கி ஓடி, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போடப் போனார். ஜெசிந்தா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "அண்ணன நானில்லா கூட்டிட்டு வந்தேன்... நானில்லா..." என்று முனகினாள்.

அப்போது அந்தக் கிழட்டு ஹீரோ என்ன செய்தார் தெரியுமா? பாலத்தின் நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். துப்பாக்கியைத் தூக்கினார். கடலைப் பார்த்துச் சுட்டார்.

கடலை! எந்தப் பைத்தியக்காரனாவது கடலைச் சுடுவானா?

"சுடுலே!"

எங்கள் பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல். ததேயுஸ் எழுந்து நின்றிருந்தார்.

"சுடுலே! விடாத! அந்தச் சவத்தச் சுடுலே!"

ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. கடலை அம்மா என்று கூப்பிடுகிற ஊர் அது. சோறு போடுகிறவளை யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை ஏசியதில்லை. அழுதார்கள், வேண்டினார்கள், திட்டவில்லை. இப்போது ஒரு கிழவி எழுந்து, "குடு மக்கா, இன்னும் குடு!" என்றாள். அப்புறம் யார் யார் என்று தெரியவில்லை, முற்றம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. சுடு, சுடு, சுடு! அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆன்றனி துண்டைக் கையில் பிடித்தபடி தானும் கத்தினார். ஃபாதர்? கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

படத்தில் சாத்தான் செத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ததேயுஸ் மணலில் உட்கார்ந்து, தங்கை தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கியிருந்தார். அடக்கத்தன்று அழ வேண்டிய அழுகை. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்:

"ஸ்டெல்லா இருந்திருந்தா, இந்தக் கூத்தப் பாத்துச் சிரிச்சு உருண்டிருப்பா, இல்லியாடி? அனு என் தோளுல ஏறி நின்னு விசிலடிச்சிருப்பா."

இரண்டு பெயர்களும் வந்துவிட்டன! ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாளே வள்ளத்தை இறக்கிவிடவில்லை, அது சினிமாவில்தான் நடக்கும். மறுநாள் அவர் கல்லில் மறுபக்கம், கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதைப் பார்த்தே கூட்டாளிகள் கொல்லத்துக்குப் போகாமல் நின்றுகொண்டார்கள். திருவிழாக் கொடி இறங்கி ஒரு வாரம் கழித்து வள்ளத்தை நிமிர்த்தினார். பெயின்டரைக் கூப்பிட்டார். பக்கவாட்டில் ஸ்டெல்லா, அனு என்று எழுதச் சொன்னார். முன்பக்கம் ஒரு புறம் மாதா படம். மறுபுறம் வரைவதற்கு ஆன்றனியிடமிருந்து அந்த டி.வி.டி. கவரை வாங்கிக் கொடுத்தார்.

வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த ஃபாதர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நரைத்த தாடி. நெஞ்சில் சிலுவை. கையில், கடலைக் குறிபார்த்து, துப்பாக்கி.

"இது எந்தப் புனிதருடே?"

"கடலச் சுட்டவரு, ஃபாதர்."

ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அந்தத் தாடியில் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. வள்ளம் இறங்கியது. கூடவே நானும் ஏறினேன், நன்றாக வாந்தி எடுத்தேன். சர்ட்டிபிகேட் கிடைக்கவில்லை. ஆனால் ததேயுஸ் என்னைக் கேலி பண்ணிச் சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டதாம். அந்தச் சிரிப்புக்காகவே அந்த நடிகருக்கு ஆயிரம் நன்றி சொல்வேன்.

அவர் எங்கோ கடல் தாண்டி, நீச்சல் குளம் வைத்த வீட்டில் இருப்பார். தம் முகம் இங்கே தினமும் மீன் பிடிக்கப் போவது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

தாத்தாவுக்கு வயதாகிவிட்டதாம். தியேட்டரில் வேண்டுமானால் ஆகட்டும். எங்கள் வள்ளத்தில் வருஷா வருஷம் அவருக்குப் புது பெயின்ட் அடிக்கிறோம்.