தேத்தண்ணி முடியுமட்டும்

ஒஸ்லோவில், அம்மருட்டில் உள்ள எங்கள் அடுக்குமாடியில், இலை உதிரும் காலத்தில் எல்லோருமாகச் சேர்ந்து முற்றம் கூட்டும் வழக்கம் ஒன்று உண்டு, டுக்னாட் என்பார்கள். இந்த முறை கூட்டிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு நோர்வேக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கிராத்துலேரர்" என்றார். வாழ்த்து. என் மகள் ஆரணிக்கு உக்ரைனில் வேலை கிடைத்ததற்காம். சண்டை நடக்கும் இடத்துக்குப் பிள்ளை போகிறாள் என்றால் எங்கள் ஊரில் அழுகைதான் கேட்கும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சிரித்தேன். அவர் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டார்.

ஆரணி இங்கே பிறந்தவள், பொலிஸில் இருக்கிறாள். ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாடுகளுக்கு இரண்டு விதமாக ஆட்களை அனுப்புகிறது: சில இடங்களுக்குப் படை, சில இடங்களுக்குப் பொலிசும் நீதிபதிகளும். உறுப்பு நாடுகள் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். ஆளையும் சம்பளத்தையும் பெரும்பாலும் அந்தந்த நாடே கொடுக்கும். தவணை முடிந்தால், நீடிப்பதா மூடுவதா என்று திரும்பவும் கூடிப் பேசுவார்கள். ஒன்றியத்தில் சேரமாட்டோம் என்று இரண்டு முறை வாக்களித்த நோர்வேயும் இதற்கு ஆள் கொடுக்கிறது. கலியாணம் வேண்டாம், சமையலுக்கு மட்டும் வருகிறோம் என்பது போன்ற உறவு.

"நான் சோல்டாட் இல்லை அப்பா, படையிலை சேரேல்லை. அங்கத்தைய பொலிசுக்கு ஆலோசனை சொல்லத்தான் போறன். ஒரு வருஷம்தான்."

"அந்த ஒரு வருஷம்தான் எனக்குப் பயம்," என்றேன்.

குண்டுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தாள். அதுவும்தான்.

இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் போயிருந்தேன். காணாமல்போன தன் மகனைப் பற்றிச் சொல்ல அக்கா போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்களை வீட்டுக்கு அழைத்திருந்தாள். வந்தவர்கள் நோர்வேக்காரர்; மொழிபெயர்க்க நான். அக்கா முதலில் சோடா உடைத்தாள், பிறகு கேக், வாழைப்பழம், கடைசியாகத் தேத்தண்ணி. வந்தவர்கள் வாய் நனைக்குமுன் துக்கம் சொல்வது எங்களுக்கு மரியாதையில்லை. "முதல் அவை சாப்பிடட்டும்," என்று என்னையும் அடக்கினாள். அவள் பேச விரும்பவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சந்திப்புக்கு நேரமாகிவிட, கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு, திரும்ப வருவோம் என்று எழுந்தார்கள். வரவில்லை. சண்டை மூண்டது, அவர்கள் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான். கோபப்படவும் ஆளில்லாமல் இத்தனை வருடம் நான் களைத்துப்போனது அதனால்தான்.

புறப்படும் காலையில் ஆரணி சீருடையோடு வந்து நின்றாள். நான் தேத்தண்ணியை நீட்டினேன்.

"ரயிலுக்கு நேரமாச்சு அப்பா."

"அங்கை ஆரும் தேத்தண்ணி தந்தால் குடிச்சு முடியுமட்டும் இரு பிள்ளை. கதை அதுக்குப் பிறகுதான் வரும்."

"உக்ரைன் ஆக்களும் அப்பிடியோ?"

"எனக்குத் தெரியாது. ஆனா இரு."

அந்தப் பாதிக் கோப்பைக் கதையை அவள் முன்பே என்னிடம் கேட்டிருந்தாள். பையை இறக்கிவிட்டுக் கதிரையில் அமர்ந்து கடைசிவரை குடித்தாள். "இப்ப சொல்லுங்கோ," என்றாள். "மாமி அண்டைக்கு என்ன சொல்ல இருந்தவ?"

அவளுடைய சீருடையின் ஒரு கையில் நோர்வேக் கொடி தைத்திருந்தது, மறு கையில் ஒன்றியத்தின் நட்சத்திரங்கள். அக்காவின் விறாந்தையில் இருந்தவர்களைப் போலவே நிமிர்ந்து இருந்தாள். இந்த நாட்டில் நான் பெற்ற பிள்ளை அந்தக் கதிரையில் இருக்கிறாள்; நான் இன்னும் அக்காவின் பக்கத்தில், சோடாத் தட்டோடு நிற்கிறேன்.