குட்டைக் குழாயா, நெட்டைக் குழாயா?

டெலஸ்கோப் விற்கிறவனிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “குட்டையா, நெட்டையா, எது நல்லது?” என்றுதான். உள்ளே இருக்கும் கண்ணாடி ஒரே அகலம்தான். நெட்டையில் கிரகங்கள் பெரிதாக, துல்லியமாகத் தெரியும். தூக்குவதற்குள் இடுப்பு போய்விடும். குட்டை கைக்கு அடக்கம், வானத்தை அகலமாகக் காட்டும். கண்ணாடி கொஞ்சம் அசைந்தாலும் கோபித்துக்கொள்ளும். வாங்கிவிட்டு விழித்தவர்களே, உங்களுக்குத்தான் இது.

மாடி ஏறிய சனி

கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் செல்விக்கு, எங்கள் கடை மாடியில் சனியின் வளையத்தைப் பார்த்ததிலிருந்து நெட்டைதான் வேண்டும். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அவர் வீட்டுக் குறுகல் படிக்கட்டைப் பார்த்ததும், “குட்டையே எடுத்துக்குங்கம்மா” என்றேன். கேட்கவில்லை. குழாயை மெத்தையில் சுற்றிக் கயிறு கட்டினார். எதிர்வீட்டுக்காரர் “நிதானா, நிதானா!” என்று கன்னடத்தில் கத்த, சந்தே சேர்ந்து வெளிப்பக்கமாக மேலே இழுத்தது. கீழே நான் கையை ஏந்திக்கொண்டே நின்றேன். கீறல்கூட விழவில்லை.

“படிக்கட்டு சின்னதுன்னு ஆசையையும் சின்னதாக்கிக்க முடியுமாண்ணா?”

வால் முளைத்த நட்சத்திரங்கள்

லிங்கராஜபுரத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஆரோக்கியராஜ், இருட்டான வானம் தேடி, குட்டையை ஸ்கூட்டரில் வைத்துக் கோலார் பக்கம் போனார். அவருடைய சர்ச் பாடகர் குழுவே பின்னால் போனது. பார்த்தால் எல்லா நட்சத்திரத்துக்கும் வால்! வழியெல்லாம் பள்ளம், கண்ணாடி அசைந்துவிட்டது. மறுநாள் முகம் தொங்க வந்தார்.

திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியை நேராக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கை பழகும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த முறை அங்கேயே சரிசெய்து கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டியபோது, ஓயாமல் பேசும் அந்தக் குழு வாயடைத்து நின்றதாம்.

“ரோடு சரியாகிறவரைக்கும் ஸ்க்ரூடிரைவர் என் பாக்கெட்லதான் சார்.”

நாற்காலி உயரம்

ஆஸ்டின் டவுன் கிருஷ்ணமூர்த்தி, அரசு வேலையில் இருந்த காலத்திலிருந்தே நெட்டைக்கு ஏங்கியவர். வாங்க வந்த மாலை, மனைவி ராஜத்தையும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் எழுந்து நிற்க முடியாது. கடை வாசலில் நெட்டையை நிலாவுக்குத் திருப்பியதும், பார்க்கும் துளை அவர் தலைக்கு மேலே போய்விட்டது. “நீங்க பாருங்கோ, எனக்குச் சொன்னா போதும்” என்றார் ராஜம்.

கிருஷ்ணமூர்த்தி பக்கத்திலிருந்த குட்டையை அவரே இழுத்துவந்து நாற்காலியோரம் வைத்து நிலாவுக்குத் திருப்பினார். ராஜம் குனிந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இதையே கட்டிக் கொடுங்கோ. அவ பார்க்காத நிலாவை நான் மட்டும் பெரிசா பார்த்து என்ன பண்ணப்போறேன்?”

இப்படிப்பட்டவர்கள் பார்த்துப் பார்த்து வாங்கிப் போகிற அன்றைக்கெல்லாம், குட்டை நெட்டை என்ற பாரபட்சமே இல்லாமல் இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது பெங்களூர் மேகம்.