கிறேஸக்காவின் மீற்றர் முள்

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அதற்குள் மடித்து வைத்திருக்கும் மஞ்சள் துணியை எடுத்து, முதலில் வோல்ற் காட்டும் மீற்றரின் முகத்தைத் துடைப்பார் கிறேஸக்கா. மேலிருந்து கீழே மூன்று தரம், வட்டமாக நாலு தரம். பிறகு றேடியோ, பிறகு மேசை, பிறகு ஜன்னல் கம்பி. எல்லாம் முடிந்தபின் மனம் கேளாமல் திரும்பவும் மீற்றர். நெடுந்தீவின் மேற்குக் கரையில், காலையில் துடைத்த பொருளில் மத்தியானத்துக்குள் உப்புப் பூத்துவிடும். துடைக்காமல் விட்டவர்களின் ரீவீக்கும் சைக்கிளுக்கும் என்ன கதி வந்தது என்று ஊருக்கே தெரியும். ஆகவே இங்கே எல்லாரும் துடைப்பார்கள். கிறேஸக்கா கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பார், அவ்வளவுதான்.

அறை கடற்றொழிலாளர் சங்கத்தினுடையது. பத்தடிக்குப் பத்தடி, தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு கதிரை. முன்பு இரண்டு கதிரைகள் இருந்தன. வந்து இருக்க ஆளில்லாததால் மற்றதைக் கூட்டம் ஒன்றுக்கென்று எடுத்துப் போனார்கள். திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. அறுபத்துமூன்று வயதில் அவருக்கு உத்தியோகம், கரையில் இருந்துகொண்டு வள்ளங்களோடு கதைப்பது. பதினொரு வள்ளங்களில் கைச்செற் என்ற சின்ன றேடியோ இருக்கிறது. கடலில் போன் எடுக்காது. பின்னேரம் நாலு மணிக்கு வள்ளங்கள் வலைக்குப் போகும்போதும், விடியக் கரைக்குத் திரும்பும்போதும் கரையில் அவர்களுக்கென்று இருக்கும் ஒரே காது கிறேஸக்காவின் காது.

"கிறேஸக்கா, காத்து எப்பிடி? ஓவர்."

"சோளகம் இப்ப அடங்கிக் கிடக்கு தம்பி. பொழுதுபட எழும்பும். ஆழத்துக்குப் போகாதேங்கோ. ஓவர்."

காற்றோடு கதை நிற்காது. லவன் என்பவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெரியவள் கணக்குச் சோதனையில் கோட்டை விட்டதையும், மனைவி மூன்று நாளாக முகம் கொடுத்துக் கதைக்காததையும் கடலில் இருந்துதான் கிறேஸக்காவுக்குச் சொன்னார். அதே லவன் மறுநாள் கோயிலடியில் நேருக்கு நேர் வந்தபோது, "என்னக்கா" என்று ஒரு சொல்லோடு சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டார். குற்றம் அவரில் மட்டும் இல்லை. கிறேஸக்காவுக்கும் ஆளை நேரில் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "றேடியோவிலை முகம் இல்லையெல்லே. முகம் இல்லாட்டித்தான் எனக்குக் கதை வரும்," என்பார். கடையில் போய், "ஒரு றாத்தல் பாண் தாங்கோ, ஓவர்," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சிரித்த சனத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்த கதையும் உண்டு. அதன்பிறகு பாணை அவர் விரலால் காட்டித்தான் வாங்குகிறார்.

கலியாணம் செய்யவில்லை. தங்கச்சியின் மகள் அனோஜினியைத் தோளிலும் மடியிலும் வைத்து வளர்த்தார். அவள் இப்போது சுவிஸில் இருக்கிறாள். "பெரியம்மா, கண்ணைக் கவனியுங்கோ," என்று மூக்குக்கண்ணாடி வாங்கி அனுப்பியதும் அவள்தான். மஞ்சள் துணி அந்தக் கூட்டுக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் போன் எடுப்பாள். அங்கே அது விடிகாலை, கொட்டாவியோடு கதைப்பாள். கிறேஸக்கா அவளை நித்திரைக்கு அனுப்பிவிடுவார்.

கரைச்சல் போன மாதம் மீற்றரில் தொடங்கியது. றேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு கறுத்தப் பெட்டி இருக்கிறது. வீட்டுக் கறண்டை றேடியோ தாங்கும் அளவுக்கு இறக்கிக் கொடுக்கிற பவர் சப்ளை அது. அதன் முகத்தில் உள்ள மீற்றர் முள் பதின்மூன்று தசம் எட்டு வோல்ற்றில் நிற்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் றேடியோ கருகிப்போகும் அபாயம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பரிசோதிக்க வந்த பாலசிங்கம் என்ற தொழில்நுட்பக்காரர் பார்த்தபோது முள் பதினைந்தரையில் நின்றது. எழுதிக்கொண்டு போனார். பிறகு கடிதம் வந்தது. மூன்று கிழமை கழித்து, வியாழக்கிழமை மறுபரிசோதனை. அன்றைக்கும் சரியில்லாவிட்டால் றேடியோ செற்றைக் கழற்றி இறங்குதுறைக் கந்தோருக்குக் கொண்டு போவார்கள். அங்கே புதுப் பெட்டி உண்டு, சம்பளத்துக்கு ஒரு கிளாக்கரும் உண்டு.

கிறேஸக்கா அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தார். வள்ளங்களுக்கு ஒரு குறையும் வராது, கிளாக்கர் காற்றைச் சொல்லுவார். தனக்கு இனி ஆர் கதை சொல்லுவார்கள் என்று நினைத்தபடி கடிதத்தை மடித்து றேடியோவுக்கு அடியில் வைத்தார்.

ஊரில் பற்றறி திருத்துகிற சில்வெஸ்ரர் தன் கைமீற்றரோடு வந்தார். பவர் சப்ளையின் வாயிலே இரண்டு கம்பியை வைத்துப் பார்த்தார். பதின்மூன்று தசம் எட்டு. பெட்டியின் முள்ளோ பதினைந்துக்கு மேலே.

"பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை அக்கா. மீற்றர்தான் பொய் சொல்லுது."

"அதைப் பாலசிங்கத்தாருக்குச் சொல்லுமன்."

சில்வெஸ்ரர் அங்கேயே போன் எடுத்துக் கதைத்தார். "சொல்லியாச்சு. 'முள் காட்டுறதைத்தான் நான் எழுத ஏலும்' எண்டிட்டார்."

சில்வெஸ்ரர் மீற்றரின் பின்பக்க ஆணிகளை இறுக்கினார், கம்பி முனைகளைச் சுரண்டிக் களிம்பை எடுத்தார், தன் கைமீற்றருக்குப் புதுப் பற்றறி போட்டு இன்னொரு தரம் அளந்தார். எல்லாம் பழைய கணக்கே. ஆனால் அடுத்த நாள் விடிய முள் சரியாக நின்றது. மத்தியானம் ஏறியது. கிறேஸக்கா ஒரு கொப்பி எடுத்து நேரமும் முள்ளும் எழுதத் தொடங்கினார். விடிய ஐந்துக்கு வள்ளங்களோடு கதைக்கும்போது பிழையில்லை. பகலில் கூரை காயத் தொடங்கினால் குழப்பம். சங்கத் தலைவர் எட்டிப் பார்த்த அன்று பதினைந்தரை. சில்வெஸ்ரர் வந்த இரண்டாம் தரமும் பதினைந்தரை. ஆள் வராத ஒரு நாள், தடிமன் காய்ச்சலில் கிறேஸக்கா சும்மா படுத்துக் கிடந்துவிட்டு வந்து பார்த்தால், நடு மத்தியானத்திலும் முள் நேராக நின்றது.

"ஆக்கள் வந்தாத்தான் இது குழம்புது சில்வெஸ்ரர்."

"மீற்றருக்கு ஆக்களைத் தெரியுமே அக்கா?"

"எனக்கென்ன தெரியும். என்ரை குணம் ஒட்டியிட்டுதோ," என்றார். சில்வெஸ்ரர் சிரித்தார். கிறேஸக்கா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை குறிகட்டுவானிலிருந்து படகு வந்து சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, அறை துடைத்துப் பளபளவென்று இருந்தது. மேசையில் புது விரிப்பு. சில்வெஸ்ரரின் கடையிலிருந்து கதிரை ஒன்று இரவலாக வந்திருந்தது. தகரம் காய்ந்து வெக்கை இறங்கிக்கொண்டிருந்தது. மீற்றரை அன்றைக்கு ஏழெட்டுத் தரம் துடைத்திருப்பார். முள் பதினைந்தரையில் அசையாமல் நின்றது. விரலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மீற்றருக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், "ஏன் என்னை இப்பிடிச் செய்யிறாய்? உனக்கு நான் என்ன செய்தனான்?" என்று கேட்டார். கேட்ட மூச்சு பிளாஸ்ரிக் முகத்தில் பனியாகப் படிந்தது. கண்ணும் கலங்கியிருந்ததால் முதலில் அவருக்குத் தெரியவில்லை. பனி விலகியபோது முள் பதின்மூன்று தசம் எட்டில் நின்றது.

பழக்கதோசத்தில் மஞ்சள் துணியால் பனியைத் துடைத்தார். முள் எழும்பியது.

கை நின்றது. வாயை அகலத் திறந்து ஆவென்று ஊதினார். இறங்கியது. துடைத்தார், ஏறியது. ஊதினார், இறங்கியது. கைமீற்றரோடு வாசலில் வந்து நின்ற சில்வெஸ்ரர், கிறேஸக்கா பவர் சப்ளைக்கு முத்தம் கொடுக்கிறாரோ என்று ஒரு கணம் திகைத்துப் போனார்.

விசயம் விளங்கியதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சின்னனிலை சீப்பாலை தலை இழுத்துப்போட்டு கடுதாசித் துண்டு தூக்கி விளையாடேல்லையே? அதுதான் அக்கா இது. காய்ஞ்ச பிளாஸ்ரிக்கைத் தேய்க்கத் தேய்க்க அதிலை கறண்ட் ஏறி நிண்டு முள்ளை இழுக்குது. ஈரம் பட்டா விட்டிடும்."

"அப்ப பிழை மீற்றரிலை இல்லை?"

"உங்கடை துடைப்பிலை. இனி ஈரத்துணியாலை துடையுங்கோ."

ஆள் வருகிறது என்றால் இன்னும் நாலு தரம் கூடத் துடைத்த கை கிறேஸக்காவுடையது. யாரும் வந்தால் நன்றாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் வருகிறவர்கள் முன்னால் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நினைக்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மஞ்சள் துணியை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

பாலசிங்கம் வந்தார். முள்ளைப் பார்த்தார், சில்வெஸ்ரரின் கைமீற்றரை வாங்கி அளந்தார், இன்னொரு தரம் முள்ளைப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"அக்கா, எப்பிடித் திருத்தினியள்?"

சொல்லுவதற்கு ஒரு மாதக் கதை இருந்தது. கொப்பி இருந்தது. ஆனால் முன்னால் ஒரு முகம் இருந்தது.

"துடைக்கேல்லை," என்றார் கிறேஸக்கா.

பாலசிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்குச் சிரித்துவிட்டு, செற் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தேத்தண்ணி போடுறன், இருங்கோ தம்பி," என்று கிறேஸக்கா எழும்ப, "படகு விட்டிடும் அக்கா," என்று அவரும் எழும்பினார். சில்வெஸ்ரருக்கும் கடையில் சார்ஜுக்குப் போட்ட பற்றறி ஒன்று காத்திருந்தது. போகும்போது இரவல் கதிரையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

செற் தப்பிவிட்டது. பன்னிரண்டு மணி. வள்ளங்கள் எல்லாம் கரையில், ஆண்கள் எல்லாம் வீடுகளில் நித்திரை. நாலு மணிவரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். றேடியோ மெல்ல இரைந்துகொண்டிருந்தது. கிறேஸக்கா வாசலைப் பார்த்தார். ரோட்டில் ஆளில்லை.

கண்ணாடிக் கூட்டைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்தார். மீற்றரின் முகத்தில் மேலிருந்து கீழே மூன்று தரம், வட்டமாக நாலு தரம். முள் நடுங்கி எழும்பி, வாசலில் ஆள் வந்ததுபோல் பதினைந்தைத் தாண்டி நின்றது.

"ஓம், கேக்குது," என்றார் கிறேஸக்கா. "சொல்லுங்கோ. ஓவர்."

கதை கேட்பதுபோல் முள்ளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஆவென்று ஊதினார். முள் தலை குனிந்து இறங்கியது. அவர் துணியை இன்னொரு தரம் இரண்டாக மடித்தார்.