ரப்பர் தேய்த்த இடம்

பதினெட்டு வருடமாக அந்த ஓவிய ஸ்டூடியோவில் அவளுக்குக் 'கல்லு' என்றுதான் பெயர். சனிக்கிழமை மதியம் வரைய வருகிறவர்களுக்கு நடுவே, மேடையில் ஆடையில்லாமல் உட்காருவாள். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள்.

மற்ற நாளெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரி வேலை. வீட்டில் அண்ணன், நடுக்குவாதம். ஏழு வருடம் ஊட்டி, துடைத்து, புரட்டிப் போட்டு, போன வருடம்தான் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்தாள். "அதை எடு, இதைக் கொண்டா" என்று யாரும் சொல்லாத இடம் அந்த மேடை ஒன்றுதான். சும்மா இருப்பதே வேலை என்றால் கசக்குமா?

ஆறு மாதமாக வலது கை ஆடத் தொடங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் ஒழுங்காக இருக்கும். சும்மா வைத்தால்தான் ஆடும். அண்ணனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதனால் கையைத் தொடைக்கு அடியில் வைத்தே உட்கார்ந்து வந்தாள்.

"கையைக் கொஞ்சம் வெளியில வைங்க அக்கா. எத்தனை வாரம்தான் மொட்டைக் கையா வரையிறது?" என்றாள் வரைய வருகிறவர்களில் ஒருத்தியான பல் டாக்டர்.

மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. மடியில் வைத்தாள்.

இடைவேளையில் துணியைச் சுற்றிக்கொண்டு, எப்போதும் போல ஒவ்வொருவர் தாளையும் பார்த்து வந்தாள். முகம், தோள், முழங்கால் எல்லாம் சுத்தம். கை இருக்கும் இடம் மட்டும் ரப்பர் தேய்த்துக் கந்தலாகிக் கிடந்தது. ஒன்பது தாளிலும்.

"பாக்காதே கல்லு, மானம் போகுது," என்று ஓய்வுபெற்ற தபால்காரர் தாளை மறைத்தார். "கண்ணு போச்சு எனக்கு. கை பிடிபடவே மாட்டேங்குது."

"எனக்கும்தான் சார். நான் பென்சில் மேல பழி போட்டேன்," என்றாள் பல் டாக்டர்.

ஒருவருக்கும் அவள் மேல் சந்தேகம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டால் இன்னும் சில மாதம் ஓட்டலாம். ஆனால் மனுஷன் நாளைக்கே போய்க் கண்ணாடி மாற்றுவார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். என் கைதான் ஆடுது."

"குளிரா இருக்கும் அக்கா."

"எங்க அண்ணனுக்கும் குளிருன்னுதான் சொன்னோம்."

ஸ்டூடியோக்காரம்மா மெதுவாக, "ஒரு நிமிஷப் போஸ் மட்டும் குடுங்களேன். அதுல தெரியாது," என்றாள்.

"ஒரு நிமிஷம் குரங்குகூட சும்மா இருக்கும்மா. இன்னிக்கு முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். அடுத்த வாரத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

மறுபடி ஏறி உட்கார்ந்தாள். மடியில் கை தன்பாட்டுக்கு ஆடியது. ஒன்பது பேரும் புதுத் தாள் எடுத்துத் தலை குனிந்து அவள் பாதத்தை மட்டும் வரைந்தார்கள். கையை வரைங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. மேடையில் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை.