மச்சானின் கழுத்தெலும்பு

ஸ்கேன் அறையில் அவருக்கு ‘மில்லி’ என்று பெயர். மில்லிமீட்டர் என்று முழுசாகக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? பத்தொன்பது வருடமாக சி.டி. ஸ்கேன் எடுக்கிறார். வீட்டுக்கு வந்தாலும் அளவெடுக்கிற புத்தி போகாது. சுவர்க் கடிகாரம் அரை சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்பார். சட்டைக் கை நீளம் ஒத்துவரவில்லை என்று தையல்காரரிடம் சண்டைக்குப் போவார். இதையெல்லாம்கூட அவர் மனைவி பொறுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ‘நான் செய்தது தப்பு’ என்று ஒரு தடவைகூட அந்த வாயிலிருந்து வந்ததில்லை என்பதுதான் அந்த அம்மாளின் தீராத குறை.

கழுத்து ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் மில்லியை நம்பி ஒரு வேலை கொடுத்திருந்தார். கழுத்தெலும்பில் ஸ்க்ரூ போடுவதற்கு முன்னால், ஸ்கேன் படத்தில் அந்த எலும்பை அளந்து சொல்ல வேண்டும். ஸ்க்ரூ நுழைகிற இடம் ஒரு குறுகலான எலும்புப் பாலம். ஒரு பக்கம் தண்டுவடம், மறுபக்கம் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய். ஸ்க்ரூவின் தடிமன் மூன்றரை மில்லிமீட்டர். பாலம் அதைவிடக் குறுகலாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் டாக்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு கழுத்தையும் இரண்டு தடவை, வேறு வேறு நாளில், பழைய எண்ணைப் பார்க்காமல் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அனுப்ப வேண்டும்.

மில்லிக்கு இது அவமானமாக இருந்தது. முதல் அளவையே அனுப்பிவிட்டு, இரண்டாவதைப் பேருக்கு எடுத்து நோட்டில் எழுதிவைப்பார். அதுவரை ஒரு எண்ணும் மாறியதில்லை. திமிரும் குறைந்ததில்லை.

அந்த வாரம் ஸ்கேனுக்கு வந்தது அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தியதில் வலது கை மரத்துப்போய், சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. வாய் மட்டும் மரக்கவில்லை.

“மச்சான், அசையாதீங்க. பேசாதீங்க” என்றார் மில்லி மைக்கில்.

“பேசலியே மாப்ள. உள்ள லைட்டு எதுக்கு எரியுதுன்னுதானே கேட்டேன்?”

கேட்கிறவர், மில்லி உட்கார்ந்திருந்த கண்ணாடித் தடுப்புப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் கேட்டார். படத்தில் கழுத்து சாய்வாக விழுந்தது. கணினியில் படத்தைத் திருப்பி நேராக்கிக்கொண்டுதான் அளக்க வேண்டும். எரிச்சலில் இருந்த மில்லி, இந்த மனுஷனை வெளியே அனுப்பினால் போதும் என்று அப்படியே அளந்தார். இடது பக்கத்துப் பாலம் நான்கு புள்ளி இரண்டு. அனுப்பியும்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, மறுநாள் காலை ஆபரேஷன் என்றிருக்கையில், பேருக்கு மறுபடி அளந்தார். இந்தத் தடவை கை பழக்கத்தில் படத்தை நேராக்கியது. மூன்று புள்ளி ஒன்று.

நோட்டைப் புரட்டி முதல் எண்ணைப் பார்த்தார். மறுபடி அளந்தார். அதே மூன்று புள்ளி ஒன்று. வெள்ளரிக்காயைச் சாய்வாக நறுக்கினால் வில்லை பெரிதாகத் தெரியுமே, அந்தக் கதைதான். டாக்டர் மேஜையில் இருக்கிற காகிதம் நான்கு புள்ளி இரண்டு என்கிறது. மச்சானின் எலும்பில் அவ்வளவு இடமில்லை.

மெஷின் கோளாறு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார், வெட்கக்கேடு. பிறகு போனை எடுத்தார். டாக்டருக்கோ மூக்கின் மேல் கோபம்.

“சார், நாளைக்கு ஆபரேஷன் கேஸ்... இடது பக்கம் மூணு புள்ளி ஒண்ணுதான் சார்.”

“நாலு புள்ளி ரெண்டுன்னு அனுப்பியிருக்கீங்க?”

மில்லி என்னமோ முனகினார்.

“காதுல விழல. சத்தமா சொல்லுங்க.”

“நான் தப்பா அளந்துட்டேன் சார்! என் தப்புதான்!”

வராந்தா முழுக்கக் கேட்டது. அண்ணனை அட்மிட் செய்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி பதறிப்போய் உள்ளே ஓடி வந்தார்.

“என்னங்க, உடம்புக்கு எதுவும் பண்ணுதா?”

டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டு, படத்தைத் தானே திறந்து பார்த்தார். இடது பக்கத்தில் அந்த எலும்புக்கு ஸ்க்ரூவே வேண்டாம், அடுத்த எலும்பில் போடலாம் என்று திட்டத்தை மாற்றினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் மச்சான் தன் கையாலேயே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தார்.

அன்று மதியம் மில்லி அவர் கட்டிலருகே போய் நின்றார். கழுத்துப் பட்டையோடு மச்சான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“தங்கச்சி எல்லாம் சொன்னா மாப்ள. ரெண்டாவது தடவை ஏன் அளந்தீங்க?”

“டாக்டர் போட்ட சட்டம்.”

“சட்டம் இல்லேன்னா அளந்திருப்பீங்களா?”

அளந்திருப்பேன் என்று சொல்லத்தான் மில்லி வாயைத் திறந்தார். கண் அந்தக் கழுத்துப் பட்டையில் போய் நின்றது. நிறைந்தும்விட்டது.

“மாட்டேன் மச்சான்.”

தலையைத் திருப்ப முடியாத மச்சான், வலது கையால் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது ஒண்ணையாவது முதல் தடவையே சரியா சொன்னீங்க.”