‘சரியாகிவிட்டது, நன்றி’

நாலு சிபியூ

அந்தப் பெண் கடைக்குள் வந்தபோது நான் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வயது இருக்கும். வாசலில் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து அரிசிச் சாக்கில் கட்டிய நாலு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து இறக்கினார். பிரித்தால் உள்ளே நாலு சிபியூ.

“பழைய சிஸ்டம் எடுப்பீங்களா சார்?”

“எடுப்பேன். எங்கேர்ந்தும்மா வர்ற?”

“மலை மேலேர்ந்துங்க. வெள்ளிமலைக்கு அந்தாண்ட.”

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் எனக்கு இடுப்பு சரியில்லை, கண்ணும் சரியில்லை. மதர்போர்டில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்கப் போனில் போட்டோ எடுத்துப் பெரிசு பண்ணிப் பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பழையதை விற்க வருகிறார்கள், மீதிப் பேர் போன் ரிப்பேர் பார்ப்பீர்களா என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டரைச் சரி செய்து கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதனால் எடைக்குத்தான் போகும் என்று சொல்லி அனுப்பிவிட வாயெடுத்தேன். ஆனாலும் ஆன் செய்து பார்க்காமல் எதையும் எடைக்குப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

முதல் சிபியூவைக் கடை மானிட்டரில் மாட்டினேன். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடிக் கடைசியில் ‘கெர்னல் பேனிக்’ என்று வந்து நின்றது. கெர்னல்தான் சிஸ்டத்தின் மூளை, அதுவே எழ முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டாவதை மாட்டினேன், அதே. மூன்றாவதும் அதே.

“லினக்ஸா போட்டிருந்த?”

“ஆமாங்க, நாலுலயும் அதான். மொதல்ல ஒண்ணு பூடுச்சு. ஒரு வாரத்துல மிச்ச மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணா பூடுச்சு. மூணு மாசமாச்சு.”

இப்படி வந்து நிற்கிற திரையை நான் என் சர்வீஸில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன மருந்து என்பதும் எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை.

“ஏம்மா விக்கிற? இது ஓடும் போல இருக்குதே.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். “ஓடுமா? மெக்கானிக்கு ஒருத்தரு செத்துப் போச்சுன்னாரு. லினக்ஸ எடுத்துட்டு வேற போடலாம்னா இந்தப் பழசு தாங்காதுன்னாரு.”

“நான் சொல்றேன், ஓடும். அப்படி ஒக்காரு.”

திருக்கோவிலூரில் பார்த்தது

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஏழெட்டு வருடம் இருக்கும். திருக்கோவிலூரில் ராஜவேலு என்று ஒருவர் டைப்பிங் சென்டர் நடத்தினார். பத்து சிஸ்டம். பையன்கள் பென்டிரைவில் கொண்டுவரும் வைரஸைத் துடைக்கவே நான் வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. சலித்துப்போய்ப் பத்திலும், சுலபத்தில் வைரஸ் ஏறாத, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் பக்கம் போகவே இல்லை. எனக்கு ஏக சந்தோஷம். கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் லினக்ஸ் பெருமை பேசி அறுத்துத் தள்ளினேன்.

ஏழாவது மாதம் ராஜவேலு போன் செய்தார். மூன்று சிஸ்டம் எழுந்திருக்கவில்லை, கறுப்புத் திரையில் நிற்கிறது என்றார். போய்ப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து வேறு இரண்டு படுத்தன. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழில் லினக்ஸ் பேசுகிற ஒரு இணையக் குழுமத்தில் போய், இதை நம்பி வாடிக்கையாளர் முன்னால் நிற்க முடியவில்லை, இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான் இருக்குமா என்று தாறுமாறாக எழுதினேன். ‘தென்பெண்ணை’ என்று புனைபெயர், ஊர் என்ற இடத்தில் கள்ளக்குறிச்சி.

நான் எழுதிய தொனிக்கு யாரும் எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. ஆனால் ‘வேம்பு’ என்ற பெயரில் ஒருவர் பதில் எழுதினார். யார், எந்த ஊர் என்று கடைசிவரை தெரியாது. திரையை போட்டோ எடுத்துப் போடுங்கள் என்றார், போட்டேன். இன்ன கட்டளையை அடித்து வருவதை அனுப்புங்கள் என்றார், அனுப்பினேன். ஒன்பது நாள் இப்படிப் போனது. நான் போட்டிருந்த அதே பதிப்பைத் தன் வீட்டுக் கணினியில் போட்டு அப்டேட் செய்து பார்த்திருக்கிறார். ‘எனக்கு இங்கே அந்தப் பிழை வரவில்லையே ஐயா, வேறு ஏதாவது நடக்கிறதா?’ என்று கேட்டார். அவருக்கு இதில் பைசா பிரயோஜனம் கிடையாது.

பத்தாவது நாள் திருக்கோவிலூர் போனவன், வேலை இழுத்துக்கொண்டதால் சென்டர் மூடுகிற நேரம் வரை இருந்தேன். பையன்கள் ஷட்டவுன் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ராஜவேலு வரிசையாக மானிட்டர்களை அணைத்துக்கொண்டே போனார். பிறகு சுவருக்குப் போய் மெயினைக் கீழே இறக்கினார். சிபியூ விளக்குகள் அதுவரை மினுக்கிக்கொண்டே இருந்தன.

“இன்னா சார் பண்றீங்க? உள்ள இன்னும் ஓடிக்கினு இருக்குது.”

“ஷட்டவுன்தான் குடுத்தாச்சே. கெளம்பசொல்ல மெயின எறக்குன்னு நீங்கதான சொன்னீங்க? பில்லுலயே சீல் குத்தி வெச்சிருக்கீங்களே.”

உண்மைதான். எங்கள் பக்கம் இடி இடித்தால் ஒரு வாரத்துக்கு எனக்கு, சிபியூவுக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிற வேலைதான். அதனால் ‘கிளம்பும்போது மெயினை அணைக்கவும்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து எல்லா பில்லிலும் குத்திக்கொண்டிருந்தேன். அதே நான்தான், வகுப்பு நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று, ஷட்டவுன் செய்யும்போது அப்டேட் ஆகும்படி பத்து சிஸ்டத்திலும் செட் செய்து வைத்திருந்தேன். கெர்னலே மாறுகிற பெரிய அப்டேட் எப்போதோ ஒரு நாள் வரும், அது முடிய ஐந்து நிமிடமாவது ஆகும். மானிட்டர் இருண்டிருப்பதால் யாருக்கும் தெரியாது. மெயினை இறக்கினால் பாதியில் நிற்கும், மறுநாள் எழுந்திருக்காது.

பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், பாதியில் நின்ற அப்டேட்டை ஒரு கட்டளை கொடுத்து முடித்துவைத்தேன். படுத்திருந்தவை எல்லாம் எழுந்துவிட்டன. தானாக அப்டேட் ஆகிற செட்டிங்கையும் எடுத்துவிட்டேன்.

அன்று குழுமத்தைத் திறந்தேன். லினக்ஸ்மீது ஒரு குற்றமும் இல்லை, என் ரப்பர் ஸ்டாம்ப்தான் காரணம் என்று ஒன்பது நாள் உழைத்த மனிதரிடம் எப்படி எழுதுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘சரியாகிவிட்டது. நன்றி.’ என்று மட்டும் எழுதினேன். ‘மகிழ்ச்சி. எப்படிச் சரியானது என்று எழுதினால் பிறருக்கு உதவும்’ என்று வேம்பு கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதோடு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். குழுமத்துக்குக் கொடுத்திருந்த ஈமெயிலும் பிற்பாடு கைவிட்டுப் போனது.

மேலே நடந்தது

முதல் சிபியூவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தன் கதையைச் சொன்னார். பெயர் அலமேலு. டிப்ளமோ படித்தவர். கல்லூரி ஒன்று கழித்துப் போட்ட நாலு சிஸ்டத்தை வாங்கியிருக்கிறார். கீழே ஓர் ஊரில் சிலர் இலவச லினக்ஸ் முகாம் நடத்தியபோது கொண்டுபோய், நாலிலும் லினக்ஸ் போட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறார். ரோட்டோரம் ஒரு ரூம் பிடித்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருகிற சென்டர் வைத்திருக்கிறார்.

“சாதிச் சான்று, காலேஜ் அப்ளிகேஷன், பட்டா, எல்லாம் நான்தாங்க போட்டுக் குடுப்பேன். இல்லன்னா ஒரு பேப்பருக்காவ கீழ வரணும். அன்னிக்குக் கூலி பூடும். ரெண்டு வருசம் நல்லா ஓடுச்சு. வூட்ல கூட, கல்யாணம் கல்யாணம்னு சொல்லிக்கினு இருந்தவங்க வாய மூடிக்கினாங்க.”

“மெயினை எறக்கிட்டுத்தான் கெளம்புவியா?”

“பின்ன? மேல இடி ஜாஸ்தி ஆச்சே.”

செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். முகாமில் போட்டுக் கொடுத்த புண்ணியவான்களும் தானாக அப்டேட் ஆகும்படிதான் வைத்திருந்தார்கள்.

“அந்த முகாம் ஆளுங்களைக் கேக்கலயா?”

“நம்பரு போவல. நெட்டுல தேடினேங்க. இங்கிலீஷ்ல ஏகப்பட்டது கெடந்துச்சு, அது பழக்கமில்ல. தமிழ்ல ஒண்ணே ஒண்ணுதான். அதே போட்டோ, அதே எழுத்து. ஆளு யாருன்னா நம்ம கள்ளக்குறிச்சிக்காரரு. எனக்கு உயிரே வந்துச்சு. கடேசி வரிக்கும் படிக்கிறேன், ‘சரியாகிவிட்டது, நன்றி’ன்னு முடிச்சிக்கினு பூட்டாரு.”

அடித்துக்கொண்டிருந்த கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

“மூணு வாட்டி எழுதிக் கேட்டேங்க. பதிலே இல்ல. செத்துகித்துப் பூட்டாரோ இன்னாவோ.”

நான்தான் அது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் நாலையும் ஓட வைத்துவிடலாம், சந்தோஷமாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. அவருடைய சென்டரைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்ற நினைப்பில் இடுப்பு வலிகூட எனக்கு மறந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் நாலும் எழுந்துவிட்டன. அவர் போட்டுவைத்த ஃபைல்கள், ஊர்க்காரர்களின் விண்ணப்பங்கள், ஒன்றும் அழியவில்லை.

“எடுத்துக்கினு போம்மா. ஒண்ணும் தர வேணாம். நாளைக்கே சென்டரைத் தொற.”

அலமேலு நாலாவது சிபியூவின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சென்டர் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது.

“இடத்த போன வாரந்தாங்க வுட்டேன். அதுல இப்ப உர மூட்ட அடுக்கிட்டாங்க. நான் இங்க டவுன்ல துணிக்கடைக்குச் சொல்லி வெச்சிட்டேன். திங்கக்கெழமைலேர்ந்து வேல.”

“வேற ரூம் பாக்கலாம்மா. நான் வேணா மேல வந்து...”

“ரோட்டோரம் கரண்டோட ரூமு அந்த ஒண்ணுதாங்க. அதுக்கே நான் ஒரு வருசம் அலஞ்சேன். நீங்க இத எடுத்துக்குங்க.”

எழுதிய பதில்

அப்புறம்தான் சொன்னேன். தென்பெண்ணை நான்தான் என்றேன். திருக்கோவிலூர், ரப்பர் ஸ்டாம்ப், வேம்பு எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப எழுதுங்க” என்றார்.

“இப்ப எழுதி உனக்கு இன்னாம்மா ஆவப்போவுது?”

“எனக்கு ஒண்ணும் ஆவாது. எழுதுங்க.”

பாஸ்வேர்டு மறந்துபோய், புதுப் பெயரில் உள்ளே போனேன். அந்தப் பக்கத்தில் என் நன்றிக்கும் வேம்புவின் கேள்விக்கும் கீழே அலமேலுவின் மூன்று கேள்விகளும் இருந்தன. முதலாவதில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியிருந்தார். மூன்றாவதில் ‘ஐயா’ மட்டும்தான் இருந்தது.

மின்சாரம் தடைப்பட்டதால் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, சரி செய்யும் முறை இது என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

“கரண்டு எங்க சார் நின்னுச்சு? நாமதான எறக்குனோம். அத எழுதுனாத்தான இன்னொருத்தரு தன் வூட்ல பாப்பாரு? இல்லன்னா சரி பண்ணிட்டு மறுநாளும் எறக்குவாரு.”

இருபத்தாறு வருட சர்வீஸ்காரனுக்கு இது தோன்றவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மெயினை இறக்கச் சொன்னது நான், ஷட்டவுனில் அப்டேட் வைத்ததும் நான், வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன், வேம்பு அவர்கள் மன்னிக்க வேண்டும் என்று முழுசாக எழுதினேன். வேம்பு இன்னும் அந்தக் குழுமத்தில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இன்றுவரை பதில் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் உட்கார்ந்து தேடுகிறபோது கிடைக்கிற பதிலெல்லாம் யாரோ ஒருவர் மெனக்கெட்டு எழுதிப் போட்டது. இலவசமாக வாங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்திருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது நாலு வரி. அதைக் கொடுக்கவில்லை. சரியானால் எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். உங்கள் தப்பால்தான் கெட்டது என்றால் கட்டாயம் எழுதுங்கள், அடுத்தவரும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருப்பார்.

பதிலை அனுப்பியதும் அலமேலு தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். முதலிலிருந்து ஒரு முறை படித்தார். நாலு சிபியூவுக்கும் நான் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்தார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. எழுத வெக்கமா இருந்துச்சு, அவ்ளோதான்.”

“எனக்குங் கூடத்தாங்க கேக்க வெக்கமா இருந்துச்சு. டிப்ளமோ படிச்சிட்டு இது கூடத் தெரியலயான்னு சொல்லுவாங்கன்னு பத்து நாளு கேக்காம இருந்தேன். அப்பறம் கேட்டுட்டேன்.”

அவர் படியிறங்கிப் போனார். நாலு சிபியூவும் என் கடையில் ஓடிக்கொண்டிருந்தன.